‘தண்ணி கூடக் கிடையாதா?’: முதன்முறை ரமலான் நோன்பு வைக்கும் முஸ்லிம் அல்லாதவருக்கு

ரமலான் நோன்பு வைத்துப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி “தண்ணி கூடக் கிடையாதா?” என்பதுதான். கிடையாது. வைகறை வெளிச்சம் அடிவானில் படரத் தொடங்கும் நேரத்திலிருந்து சூரியன் மறையும்வரை உணவு, தண்ணீர், காபி, டீ, சிகரெட், சூயிங்கம், விழுங்கும் மாத்திரை எதுவும் இல்லை. உடலுறவும் இல்லை. சூரியன் மறைந்ததும் தடை விலகும். மறுநாள் வைகறையில் திரும்ப வரும். இப்படி 29 அல்லது 30 நாள்.

முதல் முறை வைப்பவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பசி இல்லை. இரண்டாம் நாள் வரும் காபித் தலைவலி, நான்கைந்து நாளில் சேர்ந்துவிடும் தூக்கக் கடன், மாலையில் வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தண்ணீருக்கு இடமில்லாமல் படுத்துவிடுவது ஆகிய மூன்றும்தான். மூன்றுமே இரவு நேரத்துக் கணக்கு. ஆகவே இங்கே பகலைவிட இரவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

யார் வைக்கக் கூடாது

இதை முதலில் முடித்துவிடுவோம். இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், அடிக்கடி சிறுநீரகக் கல் வருபவர்கள், குடற்புண் ஆறாதவர்கள், வலிப்பு நோய்க்கு நேரம் தவறாமல் மருந்து எடுப்பவர்கள், மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், முன்பு எப்போதாவது உணவுக் கோளாறால் அவதிப்பட்டவர்கள் ஆகியோர் இந்தச் சவாலுக்கு ஆள் இல்லை. கடைசியாகச் சொன்னவர்களுக்குக் குறிப்பாக எச்சரிக்கை தேவை: நாள் முழுக்கப் பட்டினி, இரவில் அளவில்லாத உணவு என்ற சுழற்சி பழைய நோயை எழுப்பிவிடும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர், அதிலும் சிறுநீர் பிரிக்கும் வகை எடுப்பவர், மருத்துவரைக் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். நாளுக்கு மூன்று வேளை என்று எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை இரண்டு வேளையாகத் தாமே சுருக்கிக்கொள்ளக் கூடாது. அந்த மருந்து முடியட்டும்.

முஸ்லிம்களுக்கே இதில் விடுப்பு உண்டு. நோயாளிக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் (2:185) நேரடியாகவே சலுகை தருகிறது. விட்ட நாள்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மாதவிடாய் நாள்களில் பெண்கள் நோன்பு வைப்பதே இல்லை. கடமையாக நம்பி வைப்பவருக்கே இவ்வளவு இடம் இருக்கும்போது, ஆசைக்கு வைப்பவர் 102 டிகிரி காய்ச்சலோடு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது வீரத்தில் சேராது.

எத்தனை நாள் வைப்பது

‘ஒரு நாள் மட்டும் வைத்துப் பார்க்கிறேன்’ என்பது பலரும் செய்வது. அதில் ஒரு சிக்கல்: முதல் இரண்டு நாள்தான் இருப்பதிலேயே மோசம். உடல் மூன்றாம் நான்காம் நாளில்தான் புதிய நேரத்துக்கு வளைந்து கொடுக்கத் தொடங்கும். ஒரே நாள் வைத்தவர் தலைவலியை மட்டும் பார்த்துவிட்டு அதுதான் நோன்பு என்று நினைத்துக்கொள்வார். தொடர்ந்து ஐந்து நாள் நல்ல அளவு. ஐந்தும் சுலபமாக முடிந்தால் மாதம் முழுக்கப் போகலாம்.

எந்த ஆண்டு, எந்த இடம் என்பதும் முக்கியம். இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி நிலவைக் கணக்கு வைத்தது. சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. அதனால் ரமலான் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னால் நகரும். எல்லாப் பருவத்தையும் சுற்றிவர ஏறத்தாழ 33 ஆண்டு. 2026இல் பிப்ரவரி பிற்பாதியில் தொடங்கியது. 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என்று ஒரே ஆண்டில் இரண்டு ரமலான் தொடங்கும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, தள்ளி இருப்பவர்களுக்கு இந்த ஆண்டுகள் குளிர்காலப் பகல், அதாவது குறுகிய நோன்பு. முதல் முயற்சிக்கு வசதியான காலம். தெற்கே தள்ளி இருப்பவர்களுக்கு நேர் எதிர்.

நேரம்: பலர் சறுக்கும் இடம்

பள்ளிவாசல் அட்டவணையிலும் செயலியிலும் ஃபஜ்ர், லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று ஐந்து தொழுகை நேரங்கள் இருக்கும். உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஃபஜ்ரில் நோன்பு தொடங்குகிறது, மஃரிபில் முடிகிறது. ஃபஜ்ருக்குப் பக்கத்திலேயே ‘சூரிய உதயம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். புதியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு, ஃபஜ்ர் ஆகி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வைகறை என்பது சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 18 பாகை (டிகிரி) இருக்கும் நேரம். நிலநடுக்கோட்டுப் பகுதியில் அது உதயத்துக்குச் சுமார் 70 முதல் 75 நிமிடம் முன்பு வரும். துருவத்தை நோக்கிப் போகப் போக இன்னும் முன்னே போகும்.

இரண்டு செயலிகள் இரண்டு நேரம் காட்டினால் பயப்பட வேண்டாம். ஒன்று 18 பாகையை வைத்திருக்கும், மற்றொன்று 15 பாகையை வைத்திருக்கும். வித்தியாசம் 12 நிமிடத்திலிருந்து தொடங்கும். பக்கத்துப் பள்ளிவாசல் எதைப் பின்பற்றுகிறதோ அதையே நீங்களும் பின்பற்றுங்கள். சில அட்டவணைகளில் ‘இம்சாக்’ என்ற இன்னொரு நேரம், ஃபஜ்ருக்கு வழக்கமாகப் 10 நிமிடம் முன்பாக, அச்சிட்டிருக்கும். அது கை நிறுத்தச் சொல்லும் முன்னெச்சரிக்கை மட்டுமே.

நிலநடுக்கோட்டை ஒட்டி ஆண்டு முழுக்க நோன்பு 13 மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். வடக்கே 50 பாகை அட்சரேகையில் டிசம்பரில் சுமார் 10 மணி நேரம்தான். அதே இடத்தில் ஜூன் மாதத்தில் இரவு முழுக்கவே மங்கல் வெளிச்சம் அகலாது. 18 பாகைக் கணக்கே அங்கே வேலை செய்யாது. அப்படிப்பட்ட ஊர்களில் சிலர் அருகிலுள்ள நகரத்தின் நேரத்தையும் சிலர் மக்கா நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் முறை வைப்பவர் 16 மணி நேரத்துக்கு மேல் போகிற நோன்பை எடுக்காமல் இருப்பதே நல்லது.

முதல் நாள் எது என்பது முந்தைய இரவுதான் உறுதியாகும். பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு, தெரியாவிட்டால் ஒரு நாள் தள்ளும். பக்கத்து நாட்டில் ஒரு நாள் முன்பின் ஆவதும் சாதாரணம். அதனால் விடுமுறையை நாள் குறித்து முன்கூட்டியே எடுப்பவர்கள் இரண்டு நாளுக்கு இடம் வைத்து எடுக்க வேண்டும்.

இரண்டு வாரம் முன்பிருந்து

முதல் வேலை காபியையும் டீயையும் குறைப்பது. கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் காஃபீன் தலைவலி தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு ஒரு வாரம்வரை நீளும். ஒரேயடியாக நிறுத்திவிட்டு நோன்பில் இறங்கினால் அந்த உச்சம் சரியாக இரண்டாம் நாள் பிற்பகலில் வந்து நிற்கும். ‘நோன்பு எனக்கு ஒத்துக்கவில்லை’ என்று பலர் விட்டுவிடுவது அந்தப் பிற்பகலில்தான். நாளுக்கு நான்கு கோப்பை குடிப்பவர் மூன்று நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறைத்து, ரமலானுக்கு முன்பே ஒன்றில் வந்து நிற்க வேண்டும். அந்த ஒன்றை மஃரிபில் நோன்பு திறந்து, அதாவது முடித்து, ஒரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். உடலில் காஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால், அதற்கு மேல் தள்ளினால் தூக்கம் கெடும். சஹருக்கு, அதாவது ஃபஜ்ருக்கு முன் உண்ணும் சாப்பாட்டுக்கு, குடிப்பது தப்பில்லை. ஆனால் சஹர் முடிந்து கொஞ்சம் தூங்கலாம் என்ற திட்டம் அதோடு போய்விடும்.

புகைப்பவருக்கு முதல் மூன்று நாள் கடினம். நோன்பு திறந்த கையோடு பற்றவைப்பது இன்னும் மோசம். வெறும் வயிறும் வறண்ட உடலுமாக இருக்கும்போது தலை சுற்றித் தள்ளிவிடும்.

அடுத்தது ஒத்திகை. முதல் வாரம் நொறுக்குத் தீனியை நிறுத்தி மூன்று வேளை மட்டும். இரண்டாம் வாரம் இரண்டு நாள் மதிய உணவை விட்டு, தண்ணீர் மட்டும். அதற்குப் பிறகு, வேலை குறைந்த ஒரு நாளில், தண்ணீரும் இல்லாத முழு நோன்பு ஒன்று. திங்களும் வியாழனும் முஸ்லிம்களில் பலர் உபரியாக நோன்பு வைக்கும் நாள்கள். தெரிந்தவர் யாராவது வைத்தால் ஒத்திகைக்குத் துணை கிடைக்கும். முழு ஒத்திகையை அடுத்தடுத்த நாளில் வைக்க வேண்டாம். எங்கே இடறுகிறது என்று பார்க்கத்தான் ஒத்திகை.

தண்ணீர்க் கணக்கு

நோன்பு திறப்பதிலிருந்து சஹர்வரை 2 முதல் 2.5 லிட்டர். சூப், பால், தர்பூசணி எல்லாம் இதில் சேரும். அளவைவிடக் குடிக்கிற விதம் முக்கியம். சஹர் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு லிட்டரை மடமடவென்று குடிப்பவர்கள் உண்டு. உடல் அதைச் சேமித்து வைக்காது. இரத்தம் சட்டென்று நீர்த்துப் போனதை உணர்ந்து சிறுநீரகம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அதிகப்படியை வெளியேற்றிவிடும். காலையில் நாலைந்து முறை கழிப்பறைக்குப் போனதுதான் மிச்சம்.

பத்து மணி நேர இரவுக்கு ஒரு நடைமுறைப் பங்கீடு: திறக்கும்போது 300 முதல் 400 மில்லி, 15 நிமிடத்துக்குப் பரவலாக. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து ஒரு கோப்பை, அதாவது 200 முதல் 250 மில்லி. பிறகு படுக்கும்வரை மணிக்கு ஒரு கோப்பை. நான்கைந்து கோப்பை ஆகிவிடும். சஹரில் 400 முதல் 500 மில்லி, சாப்பாட்டின் நடுவே சிறுகச் சிறுக. ஒரு லிட்டர் பாட்டில் இரண்டை மாலையில் நிரப்பி மேசையில் வைத்துவிட்டால் கணக்கு கண்ணில் தெரியும். ‘தாகம் எடுத்தால் குடிக்கலாம்’ என்று விட்டால் முக்கால் லிட்டரோடு தூங்கிப்போவீர்கள்.

சோதிக்கச் சுலபமான வழி சஹரின்போது சிறுநீரின் நிறம். வெளிர் மஞ்சளாக இருந்தால் இரவுக் கணக்கு சரி. அந்த நேரத்திலேயே அடர்ந்த மஞ்சளாக இருந்தால் அன்று நோன்பு வைக்காமல் விடுவது நல்லது. மாலையில் அடர்ந்திருப்பது இயல்பே.

சஹர்

இதை விட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டோடு படுப்பவர்கள், கூடுதல் தூக்கம் லாபம் என்று நினைக்கிறார்கள். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டு மறுநாள் மாலை 6:30க்குத் திறந்தால் 21 மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு. 13 மணி நேர நோன்பை 21 ஆக்கிக்கொள்கிற வேலை இது. சஹர் உண்பதில் பரக்கத் (இறையருள்) இருக்கிறது என்பது நபிமொழி. கடினப்படுத்திக்கொள்வதற்கு அங்கே கூடுதல் மதிப்பெண் கிடையாது.

ஃபஜ்ருக்கு 50 நிமிடம் முன்பு எழுந்திருங்கள். சமையல் முந்தைய இரவே முடிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் பசி இருக்காது. அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்றால் பாதிப் பேர் மறுபடி படுத்துவிடுவார்கள்.

தட்டில் மூன்று விஷயம்: மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்து, நல்ல அளவு புரதம், கொஞ்சம் கொழுப்பு. ஒரு மாதிரி: 60 கிராம் ஓட்ஸ், இரண்டு முட்டை, 200 கிராம் தயிர், 30 கிராம் கொட்டைப் பருப்பு, ஒரு பழம். புரதம் 30 கிராமைத் தொடும். முட்டை வேண்டாதவர்கள் வேகவைத்த பயறு அல்லது கொண்டைக்கடலை ஒன்றரைக் கோப்பை எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை பூசிய சீரியல், பழச்சாறு, ஜாம் தடவிய வெள்ளை ரொட்டி இவையெல்லாம் சட்டென்று சர்க்கரையை ஏற்றி இறக்கிவிட, காலை ஒன்பது மணிக்கே வயிறு கூப்பிடும். ஊறுகாய், சிப்ஸ், உடனடி நூடுல்ஸ், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றின் உப்பு பிற்பகலில் நாக்கை ஒட்டவைக்கும். வயிறு முட்டச் சாப்பிடுவதாலும் பயனில்லை. இரட்டிப்பாகச் சாப்பிட்டவருக்கும் மாலையில் அதே பசிதான்; நடுவில் நெஞ்செரிச்சல் மட்டும் கூடுதல்.

ஃபஜ்ருக்குப் பத்து நிமிடம் முன் சாப்பாட்டை முடித்து, பல் துலக்கி, நாக்கை வழித்துவிடுங்கள். எச்சில் குறைவதால்தான் பகலில் வாய் நாற்றம் வருகிறது; நாக்கின் பின்பகுதியைச் சுத்தம் செய்தால் பாதி குறையும். உடனே தட்டையாகப் படுத்தால் அமிலம் மேலே வரும். முக்கால் மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். முடியாவிட்டால் தலையணையை உயர்த்திக்கொள்ளுங்கள்.

அலாரம் அடித்தும் எழுந்திருக்கவில்லையா? முந்தைய இரவு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்திருந்தால், பழகியவர் தொடரலாம். முதல் வாரத்தில் இருப்பவர் அந்த நாளை விட்டுவிடலாம்.

பகல்

பசி அலை மாதிரி. வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் எழும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் தானே தணியும். மதிய உணவு நேரத்தைத் தாண்டிவிட்டால் பிற்பகல் மூன்று மணிக்குப் பசியே இல்லாமல் இருப்பதைக் கண்டு பலர் வியந்துபோவார்கள். அந்த அலை வரும் நேரத்தில் உணவு மேசைக்கு எதிரே உட்காராமல், நடக்கிற மாதிரி ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

மூளையைக் கசக்கும் வேலையைக் காலை 11 மணிக்குள் முடிப்பது புத்திசாலித்தனம். கடைசி இரண்டு மணி நேரத்துக்குக் கோப்பு அடுக்குவது, பதில் அனுப்புவது போன்றவை போதும். சண்டை வரக்கூடிய கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு வைக்காதீர்கள். யாராவது வம்புக்கு வந்தால் ‘நான் நோன்பாளி’ என்று சொல்லி ஒதுங்கிவிட வேண்டும் என்பது நபிவழி. பொய்யும் புறம்பேசுதலும் நோன்பின் பலனைக் கெடுக்கும் என்பதும் அதே மரபு. சவாலுக்கு வைப்பவர் வயிற்றை மட்டும் அடக்கிவிட்டு எல்லாரிடமும் எரிந்து விழுந்தால் அவர் வைத்தது பட்டினிதான்.

வண்டி ஓட்டுபவர்கள் மஃரிபுக்கு முந்தைய அரை மணி நேரத்தைத் தவிர்க்கப் பாருங்கள். சர்க்கரையும் கவனமும் குறைந்து, வீட்டுக்குப் போகும் அவசரம் கூடும் நேரம் அது. போகத்தான் வேண்டும் என்றால் பையில் பேரீச்சையும் தண்ணீரும் இருக்கட்டும். நேரமானதும் ஓரமாக நிறுத்தித் திறந்துவிட்டுப் போகலாம். வெயிலில் உடலுழைப்புச் செய்பவர்களுக்கு இந்தச் சவாலைப் பரிந்துரைக்க முடியாது. அதுதான் பிழைப்பு என்றால் விடுமுறை நாளில் மட்டும் வைத்துப் பாருங்கள்.

உடற்பயிற்சி செய்பவர்கள் ஓட்டத்தையும் எடை தூக்குவதையும் திறந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். மாலையில் நடை மட்டும், அதுவும் வியர்க்காத அளவு. பிற்பகலில் 20 முதல் 30 நிமிடக் குட்டித் தூக்கம் பெரிய உதவி. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் எழும்போது தலை கனத்து, இரவுத் தூக்கமும் தள்ளிப்போகும்.

எது முறிக்கும், எது முறிக்காது என்ற சந்தேகங்களில் அடிக்கடி வருபவை: வாய் கொப்பளிக்கலாம், விழுங்காமல். குளிக்கலாம். எச்சிலை விழுங்கலாம். பற்பசை தொண்டைக்குள் போகாவிட்டால் பரவாயில்லை. பலர் பகலில் பசையில்லாமல் துலக்குவதையோ மிஸ்வாக் குச்சியையோ விரும்புவார்கள். தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை சிக்கலில்லை. ஊட்டச்சத்து ஏற்றும் டிரிப் முறிக்கும். வேண்டுமென்றே வாந்தி எடுத்தால் முறியும், தானாக வந்தால் முறியாது. மறந்துபோய் ஒரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டால்? நினைவு வந்ததும் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். பெரும்பாலான அறிஞர்கள் கருத்துப்படி அந்த நாள் செல்லும். ஆஸ்துமா பம்ப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. உங்களுக்கு ஒரே கருத்துதான்: மூச்சு இழுத்தால் உடனே பயன்படுத்துங்கள்.

திறக்கும்போது

மஃரிப் நேரம் வந்ததும் திறந்துவிட வேண்டும். ‘இன்னும் ஒரு மணி நேரம் தாங்குவேன்’ என்று நீட்டிப்பது இந்த மரபுக்கே எதிரானது. தாமதிக்காமல் திறப்பதுதான் சுன்னத், அதாவது நபிவழி.

பேரீச்சம்பழம் ஒன்றோ மூன்றோ, கூடவே தண்ணீர். ஒரு பெரிய மெஜூல் பேரீச்சை 24 கிராம் அளவில் இருக்கும். அதிலேயே 65 கலோரிக்கு மேல். மூன்று தின்றால் 200. சிறிய ரகமென்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ‘மூன்று பழம்’ என்று கேள்விப்பட்டு மெஜூலில் ஆறேழு தின்பவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு சாப்பாட்டின் சர்க்கரை உள்ளே போயிருக்கும்.

இதன் பிறகு முஸ்லிம்கள் மஃரிப் தொழப் போவார்கள். அந்தப் பத்து நிமிட இடைவெளியை நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச்சேர 20 நிமிடம் ஆகும். இடைவெளி விட்டவர் பாதித் தட்டில் நிறைவடைவார், விடாதவர் இரண்டு தட்டுக்குப் பிறகுதான் கவனிப்பார். பிறகு ஒரு கிண்ணம் சூப். அதற்குப் பிறகு ஒரே ஒரு தட்டு: பாதி காய்கறி, கால் பங்கு பயறு அல்லது மீன், இறைச்சி, மீதி தானியம். பொரித்தது ஒன்றிரண்டு போதும்.

தப்பு நடப்பது ஒரு சங்கிலியாகத்தான். எண்ணெயில் பொரித்ததும் இனிப்பும் வயிற்றை அடைக்கும், தூக்கம் சொக்கும், தண்ணீருக்கு இடமிருக்காது, எரிச்சலோடு படுப்பீர்கள், சஹருக்குப் பசி இருக்காது, மறுநாள் பத்து மணிக்கே தாகம். மூன்று நாள் இப்படிப் போனால் மலச்சிக்கலும் வந்து சேரும். எங்கே அறுப்பது என்றால் முதல் கண்ணியில்தான். மாலைத் தட்டு சரியானால் மற்றவை பெரும்பாலும் தாமே சரியாகும்.

தூக்கத்துக்கு ஓர் உதாரணம்: ஃபஜ்ர் 5 மணி என்றால் 4:10க்கு எழ வேண்டும். பத்து மணிக்குப் படுத்தால் ஆறு மணி நேரம், பகல் குட்டித் தூக்கத்தோடு ஆறரை. ‘சஹர்வரை முழித்திருந்துவிட்டுப் பிறகு தூங்குகிறேன்’ என்பது விடுமுறையில் இருப்பவருக்கு மட்டுமே நடக்கும். வேலைக்குப் போகிறவர் இரண்டாம் நாளே தடுமாறுவார்.

எப்போது நிறுத்த வேண்டும்

மயக்கம், பேச்சுக் குழறல், நெஞ்சு வலி, நிற்காத வாந்தி, வெயிலில் இருந்தும் வியர்வை நின்றுபோவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே வராதது: இவற்றில் ஒன்று வந்தாலும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். கைநடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு இருந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை கலந்த ஒரு கோப்பைத் தண்ணீரை உட்கார்ந்து குடித்து, 15 நிமிடம் பாருங்கள். பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். சரியாகாவிட்டாலும், முதலில் சொன்ன அறிகுறிகளில் ஏதாவது வந்திருந்தாலும் மருத்துவமனை. சர்க்கரை நோயாளி மருத்துவர் சம்மதத்தோடு வைக்கிறார் என்றால் கருவி 70 mg/dLக்குக் கீழோ 300 mg/dLக்கு மேலோ காட்டியதும் அன்றைய நோன்பு முடிந்தது. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது.

எடை குறைப்பதற்கு மட்டுமே வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் வாரத்தில் தராசு இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். மாதக் கடைசியில் ஒரு கிலோ சொச்சம் குறைந்திருந்தால் அதுவே நல்ல விளைவு. அதுவும் பழைய உணவுக்குத் திரும்பிய சில வாரங்களில் பெரும்பாலும் வந்துவிடும்.

முஸ்லிம் நண்பர்களோடு

சொல்லிவிட்டு வையுங்கள். பெரும்பாலோர் மகிழ்வார்கள், சஹருக்கு எழுப்பிவிட ஃபோன் செய்வார்கள். முஸ்லிம் நோன்பு வைக்கும்போது ‘நிய்யத்’ என்ற மன உறுதி எடுக்கிறார். அது அவருக்கு வழிபாடு. உங்களுடையது வேறு நோக்கம் என்பதை மறைக்கவும் வேண்டாம், அதைப் போட்டியாக்கவும் வேண்டாம். ‘நான் 20 வைத்தேன், நீ எத்தனை விட்டாய்?’ என்று ஒரு பெண்ணிடம் கேட்பது எவ்வளவு அசட்டுத்தனம் என்பது மேலே படித்தவர்களுக்குப் புரியும்.

இஃப்தாருக்கு (நோன்பு திறக்கும் விருந்துக்கு) அழைத்தால் மஃரிபுக்கு 15 நிமிடம் முன்பே போய் உட்காருங்கள்; தாமதமாகப் போவது மற்றவர்களைக் காக்கவைக்கும். பழமோ பேரீச்சையோ எடுத்துப் போகலாம். இனிப்பு வாங்கினால் ஜெலட்டினும் மதுவும் கலக்காததா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாரும் கை வைத்த பிறகு நீங்களும் திறக்கலாம். அவர்கள் தொழப் போகும்போது அமைதியாக இருந்தால் போதும். அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ‘ரமலான் முபாரக்’ என்றோ ‘ரமலான் கரீம்’ என்றோ வாழ்த்தலாம், இரண்டும் புழக்கத்தில் உண்டு.

மதியச் சாப்பாட்டுக்குச் செலவாகாத பணம் மாதக் கடைசியில் ஒரு தொகையாக நிற்கும். முஸ்லிம்கள் ரமலான் முடிந்ததும் வரும் பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளுக்கு ஆளுக்கு ஒரு ஸாவு, அதாவது ஏறக்குறைய 2.5 முதல் 3 கிலோ தானியம் கொடுப்பார்கள். ஃபித்ரா என்பது அதுதான். உங்களுக்கு அது கடமை இல்லை. ஆனால் அந்தத் தொகைக்குப் பொருத்தமான ஒரு வழி தேடுபவருக்கு அளவு தயாராகவே இருக்கிறது.

கடைசி நோன்பும் முதல் நாள் மாதிரிதான், பிறை தெரிந்தால் 29, இல்லாவிட்டால் 30. பெருநாள் அன்று நோன்பு வைக்கவே கூடாது. எண்ணிக்கையை முழுமையாக்க வேண்டும் என்று அன்றும் தொடராதீர்கள். காலையில் கொஞ்சமாகச் சாப்பிட்டு, மூன்று நாலு நாளில் பழைய நேரத்துக்கு மெல்லத் திரும்புங்கள். முதல் நாளே மூன்று வேளையும் முழுத் தட்டாகப் போனால் வயிறு உப்பிக்கொள்ளும். காபியும் அப்படியே. ஒரு மாதமாக ஒரே கோப்பையில் இருந்த உடலுக்கு, பழைய மாதிரி காலையிலேயே இரண்டு கோப்பை ஊற்றினால் கை நடுங்கும். அரைக் கோப்பை போதும்.